சைமன் கோவெல்: ரெக்கார்டு விற்க வந்தவர் ஜட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்த கதை

1995இல் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற சிங்கிளை, அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டை, பாடியவர்கள் பாடகர்களே கிடையாது. ராப்சன் கிரீன், ஜெரோம் ஃப்ளின் என்ற இரண்டு டிவி நடிகர்கள். (ஃப்ளின் யாரென்று சட்டென ஞாபகம் வராதவர்களுக்கு: பிற்பாடு ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் ப்ரானாக வந்தவர்.) ஐடிவி என்ற பிரிட்டிஷ் சேனலில் ஓடிக்கொண்டிருந்த ராணுவத் தொடர் ஒன்றில் இருவரும் ‘அன்செயின்ட் மெலடி’ என்ற பழைய பாட்டைப் பாடினார்கள். அதைப் பார்த்த ஜனங்கள் கடைக்குப் போய் அந்த ரெக்கார்டு இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு ரெக்கார்டே அப்போது இல்லை.

பிஎம்ஜி இசை நிறுவனத்தில் வேலை பார்த்த 35 வயது ஆள் ஒருவருக்கு இது போதுமானதாக இருந்தது. நடிகர்கள் இருவரும் முடியாது என்றார்கள். அவர் விடவில்லை. துரத்தித் துரத்திக் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்தார். அந்த சிங்கிள் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. பின்னாலேயே வந்த ஆல்பமும் அந்த வருடத்தின் அதிக விற்பனை ஆல்பம் ஆனது.

அந்த ஆள்தான் சைமன் கோவெல். கறுப்பு டி-ஷர்ட், மார்பில் கட்டிய கை, முகத்தில் சலிப்பு என்று உலகம் முழுக்கப் பழகிப்போன அந்த ஜட்ஜ், கேமரா முன்னால் உட்காருவதற்கு முன்பு இருபது வருடம் கேமராவுக்குப் பின்னால் ரெக்கார்டு வியாபாரம் செய்தவர். டிவி அவருக்கு ஒரு கடை வாசலாகத்தான் ஆரம்பித்தது. போகப்போக வாசலே கடையை விழுங்கிவிட்டது. 2020இல் ரெக்கார்டு கம்பெனி கைவிட்டுப் போனது, ஜட்ஜ் நாற்காலி தங்கியது. இது எப்படி நடந்தது, இதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

தபால் அறையிலிருந்து திவால் வரை

கோவெல் 1959 அக்டோபர் 7ஆம் தேதி லண்டனில் பிறந்தார். வளர்ந்தது ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள எல்ஸ்ட்ரீயில். அப்பா எரிக், சொத்து வியாபாரத்தில் இருந்தவர், இஎம்ஐ இசை நிறுவனத்திலும் அதிகாரியாக இருந்தார். அம்மா ஜூலி பாலே நடனக் கலைஞர். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவருக்கு, இஎம்ஐயின் தபால் அறையில் வேலை கிடைத்தது. அப்பாவின் சிபாரிசு இதில் இருந்தது. கீழிருந்து ஏறி வந்தவர் என்று அவரைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1980களில் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து ஃபேன்ஃபேர் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன லேபிளை நடத்தினார். சினிட்டா பாடிய ‘ஸோ மாச்சோ’ 1986இல் பிரிட்டிஷ் தரவரிசையில் இரண்டாமிடம் வரை போனது. அப்போது பிரிட்டனில் ஹிட்டுக்கு மேல் ஹிட்டாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஸ்டாக், ஐட்கன், வாட்டர்மன் மூவரில் பீட் வாட்டர்மனின் பின்னாலேயே திரிந்து தொழில் கற்றார். மறுபடி மறுபடி போய் நிற்பதுதான் கடைசிவரை அவருடைய முதலீடு.

1989இல் எல்லாம் சரிந்தது. ஃபேன்ஃபேரின் தாய் நிறுவனம் மூழ்கியபோது கோவெலும் கூடவே மூழ்கினார். வீடு போனது, கார் போனது. முப்பதை நெருங்கும் வயதில் அம்மா அப்பா வீட்டுக்கே திரும்பிப் போனார். அதே வருடம் பிஎம்ஜியில், கலைஞர்களையும் பாட்டுகளையும் கண்டுபிடித்துக் கொடுக்கிற ‘ஏ அண்ட் ஆர்’ ஆலோசகராகச் சேர்ந்தார்.

அங்கே அவர் செய்ததைப் பார்த்து சக ஊழியர்கள் சிரித்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை. டிவி பொம்மைகளை வைத்து ரெக்கார்டு போட்டார். அமெரிக்க மல்யுத்த வீரர்களைப் பாட வைத்தார், அந்த ‘ஸ்லாம் ஜாம்’ 1992இல் நான்காமிடம் வந்தது. பவர் ரேஞ்சர்ஸ், டெலிடப்பீஸ் என்று பட்டியல் நீண்டது. இசை ரசிகன் என்ற முறையில் இவற்றில் ஒன்றைக்கூட நான் இரண்டாவது தடவை கேட்க மாட்டேன். ஆனால் அவர் புரிந்துகொண்ட விஷயம் உண்மை. வாரா வாரம் வீட்டுக்குள் வந்து போகிற ஒரு முகத்தை அறிமுகப்படுத்த ரேடியோ தேவையில்லை, விளம்பரம் தேவையில்லை. பாதி வேலையை டிவி ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. 1999இல் வெஸ்ட்லைஃப் மாதிரி முறையான பாப் குழுக்களை வைத்து ஜெயித்த பிறகும் இந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை.

தவறவிட்ட வண்டி, பிடித்த வண்டி

நியூசிலாந்தில் 1999இல் பிறந்த ‘பாப்ஸ்டார்ஸ்’ நிகழ்ச்சி 2001 ஜனவரியில் பிரிட்டனுக்கு வந்தது. ஆடிஷன் நடத்தி ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, அதை டிவியில் காட்டிக்கொண்டே வளர்ப்பது. நடுவராக வரும்படி கோவெலுக்கு அழைப்பு வந்தது, அவர் மறுத்துவிட்டார். அதிலிருந்து வெளிவந்த ஹியர்சே குழுவின் முதல் சிங்கிள் ஒரே வாரத்தில் 5 லட்சத்துக்கு மேல் விற்றது. ‘ஏ அண்ட் ஆர்’ ஆளின் மூடிய அறை வேலையை டிவி பகிரங்கமாகச் செய்துகாட்டி, கூடவே ரெக்கார்டையும் விற்றுவிட்டது. கோவெல் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்த வழி, அவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அடுத்த வாய்ப்பை அவர் விடவில்லை. ஸ்பைஸ் கேர்ள்ஸ் குழுவின் முன்னாள் மேனேஜர் சைமன் ஃபுல்லர் ‘பாப் ஐடல்’ என்று ஒரு நிகழ்ச்சியை உருவாக்கினார். இதில் முடிவு சொல்வது பார்வையாளர்களின் ஓட்டு. நிகழ்ச்சி ஃபுல்லருக்குச் சொந்தம். ரெக்கார்டு கோவெல் பக்கம். நடுவர்களில் அவரும் ஒருவர். 2001 அக்டோபரில் ஐடிவியில் ஆரம்பித்தது.

அந்த சீசனில் ஒரு காட்சியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வில் யங் என்ற இளைஞர் பாடி முடிக்கிறார். மற்ற நடுவர்களுக்குப் பிடித்திருக்கிறது. கோவெல், ரொம்பச் சாதாரணமாக இருந்தது என்கிறார். பொதுவாக இந்த இடத்தில் போட்டியாளர் தலையைத் தொங்கப் போடுவார். வில் யங் போடவில்லை. குரலை உயர்த்தாமல், மரியாதை குறையாமல், அது உங்கள் கருத்து, எனக்கு அதில் உடன்பாடு இல்லை என்று பதில் சொன்னார். 2002 பிப்ரவரியில் நடந்த ஃபைனலில் சுமார் 87 லட்சம் ஓட்டுகள் விழுந்தன. திக்குவாயோடு போராடிக்கொண்டே அழகாகப் பாடிய கேரத் கேட்ஸ்தான் ஜெயிப்பார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஜெயித்தது வில் யங். அவருடைய முதல் சிங்கிள் ஒரே வாரத்தில் 11 லட்சம் விற்றது.

இந்தக் காட்சி ஒரு ரகசியத்தைச் சொல்கிறது என்று நினைக்கிறேன். கோவெலின் கடுமையான பேச்சு, பார்வையாளனுக்கு ஒரு வேலை கொடுத்தது. அவர் சொன்னதைப் பொய்யாக்க வேண்டுமென்றால் போனை எடுத்து ஓட்டுப் போட வேண்டும். அவரோடு உடன்பட்டவர்களும் போட்டார்கள், எரிச்சல்பட்டவர்களும் போட்டார்கள். வில் யங், கேரத் கேட்ஸ் இருவருமே ஒப்பந்தமானது கோவெல் தரப்போடுதான். பார்வையாளர்கள் யாரை ஜெயிக்க வைத்தாலும் அவருக்கு நஷ்டமில்லை.

அமெரிக்கா, அப்புறம் கோர்ட்டு

அமெரிக்கச் சேனல்கள் இந்த நிகழ்ச்சியை முதலில் வாங்கவில்லை. கடைசியில் ஃபாக்ஸ், கோடைக்கால இடைவெளியை நிரப்ப வாங்கிப்போட்டது. 2002 ஜூன் 11 அன்று ‘அமெரிக்கன் ஐடல்’ ஆரம்பித்தது. பவுலா அப்துல், ரேண்டி ஜாக்சன், கோவெல் என்று மூன்று நடுவர்கள். செப்டம்பரில் கெல்லி கிளார்க்சன் ஜெயித்தார். அடுத்த வருட ஃபைனலை 3.8 கோடி பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எட்டு சீசன் தொடர்ச்சியாக அமெரிக்காவிலேயே அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி அது. 2004இல் நம் நாட்டுக்கு ‘இந்தியன் ஐடல்’ ஆக வந்ததும் இதே வார்ப்புதான்.

அமெரிக்கர்களுக்கு கோவெல் ஏன் இவ்வளவு பிடித்துப்போனார்? முகஸ்துதியே வழக்கமாக இருந்த ஒரு மேடையில், ரெக்கார்டு கம்பெனியின் மூடிய அறையில் பேசுகிற பேச்சை அவர் அப்படியே பேசினார். அதில் ஒரு நேர்மை இருந்தது. பாடத் தெரியாதவரிடம் நீ பெரிய ஆளாக வருவாய் என்று சொல்வது நல்லதில்லை. ஆனால் அந்த நேர்மை பாட்டோடு நிற்கவில்லை, ஆளின் உடம்புக்கும் உடுப்புக்கும் போனது. அதற்கு எந்த நியாயமும் நான் பார்க்கவில்லை.

2006 சீசனில் மண்டீசா என்ற கறுப்பினப் பெண் வந்தார். அருமையான குரல், பருமனான உடம்பு. அவர் அறையை விட்டுப் போனதும், இந்த வருடம் இதைவிடப் பெரிய மேடை வைத்திருக்கிறோமா என்று கோவெல் கேட்டார். அது ஒளிபரப்பானது. மண்டீசா வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். பிறகு ஒரு சுற்றில் நடுவர்கள் முன்னால் வந்தபோது, பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கோவெலைப் பார்த்து நேராகவே சொன்னார்: நீங்கள் என்னைப் புண்படுத்தினீர்கள், நான் அழுதேன், ஆனால் உங்களை மன்னித்துவிட்டேன். கோவெல் கூனிக்குறுகிப் போய் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அந்த சீசனில் ஒன்பதாவது இடத்தில் வெளியேறிய மண்டீசா, பிறகு கிறிஸ்தவ இசையில் கிராமி விருது வாங்கினார். 2024இல் காலமானார். அந்த மன்னிப்பையும் சேனல் ஒளிபரப்பி டிஆர்பி பார்த்தது. அவமானம் ஒரு எபிசோடு, மன்னிப்பு இன்னொரு எபிசோடு. இரண்டிலும் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தவர் மண்டீசா.

தொழில் ரீதியாக கோவெல் எடுத்த மிகப் பெரிய முடிவு இதற்குள் நடந்து முடிந்திருந்தது. ஐடல் எவ்வளவு ஓடினாலும் அது ஃபுல்லரின் சொத்து. கோவெல் அதில் ஒரு நடுவர், ரெக்கார்டு விற்பவர், அவ்வளவுதான். சோனி-பிஎம்ஜி துணையோடு சைகோ என்ற தன் நிறுவனத்தை வைத்து 2004 செப்டம்பரில் ‘எக்ஸ் ஃபேக்டர்’ ஆரம்பித்தார். வயதுக்கு உச்சவரம்பு கிடையாது, குழுவாகவும் வரலாம், நடுவர்களே மென்டர்களாகி ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள். அதே மாதம் ஃபுல்லரின் நிறுவனம் வழக்குப் போட்டது, இது எங்கள் நிகழ்ச்சியின் நகல் என்று. 2005இல் கோர்ட்டுக்கு வெளியே சமாதானம் ஆனது. எக்ஸ் ஃபேக்டரில் ஃபுல்லருக்குப் பங்கு. கோவெல் இன்னும் சில வருடம் அமெரிக்கன் ஐடலில் உட்கார வேண்டும், அதுவரை எக்ஸ் ஃபேக்டர் அமெரிக்காவுக்கு வராது.

இப்போது நிகழ்ச்சி அவருடையது, நடுவர் அவர், ஜெயித்தவரின் ரெக்கார்டு ஒப்பந்தமும் அவர் நிறுவனத்தோடு. ஒரே ஆள் மூன்று நாற்காலியில். முதல் சீசனில் ஜெயித்த ஸ்டீவ் புரூக்ஸ்டீன் ஒரே ஆல்பத்தோடு கைவிடப்பட்டார். மூன்றாம் சீசனில் ஜெயித்த லியோனா லூயிஸின் ‘பிளீடிங் லவ்’ பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. இரண்டு பேரும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள். மேடையில் ஓட்டுப் போட்டது மக்கள், ஆனால் மேடைக்குப் பிறகு யாருக்கு எவ்வளவு காலம் என்று முடிவு செய்தது கம்பெனி.

ஆடிஷன் வரிசையில் நடப்பது

டிவியில் நாம் பார்க்கிற ஆடிஷன் முதல் ஆடிஷன் கிடையாது. அதற்கு முன்னால், நடுவர்கள் யாரும் இல்லாத சுற்றுகள் உண்டு. ஆயிரக்கணக்கான பேரை தயாரிப்புக் குழு கேட்டு வடிகட்டுகிறது. நன்றாகப் பாடுகிறவர்களை அனுப்புகிறார்கள். மிக மோசமாகப் பாடி, ஆனால் தன்னை மிகவும் நம்புகிற சிலரையும் அனுப்புகிறார்கள். நடுவில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படி அனுப்பப்படுகிறவரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு சுற்று தாண்டியாயிற்று, அடுத்ததும் தாண்டியாயிற்று, எல்லாரும் தட்டிக்கொடுக்கிறார்கள், குடும்பம் வெளியே காத்திருக்கிறது. உள்ளே போனதும் சிரிப்பு. அவர் ஏமாந்தது தன்னைப் பற்றிய கற்பனையால் மட்டுமா?

2009 ஏப்ரல் 11 அன்று கோவெலின் இன்னொரு நிகழ்ச்சியான ‘பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்’டில் சூசன் பாயில் மேடைக்கு வந்தது இந்த ஏற்பாட்டின் நடுவில்தான். ஸ்காட்லாந்தின் பிளாக்பர்ன் என்ற சின்ன ஊர். வயதென்ன என்று கோவெல் கேட்க, 47 என்று சொல்லி இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டினார். எலைன் பேஜ் மாதிரி பாடகியாக வேண்டும் என்றார். கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது, ஒரு இளம்பெண் கண்ணை உருட்டினாள். அப்புறம் ‘ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்’ முதல் வரி. கோவெலின் புருவம் உயர்ந்தது. ஒரே வாரத்தில் கோடிக்கணக்கானவர்கள் யூடியூபில் அதைப் பார்த்தார்கள்.

அவர் குரல் உண்மை, அந்தக் கைதட்டலும் உண்மை. ஆனால் அந்தக் கண்ணுருட்டலை எடிட்டிங்கில் தேர்ந்தெடுத்து வைத்தார்கள், பாட்டு நம்மை அடிக்க வேண்டுமென்றால் முதலில் நாம் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதற்காக. மே 30 ஃபைனலில் டைவர்சிட்டி நடனக் குழு ஜெயித்தது, சூசன் இரண்டாமிடம். மறுநாளே அவர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏழு வாரத்தில் உலகமே அறிந்த பெயராகிவிட்ட ஒரு பெண்மணிக்குத் தேவையான துணையை யாரும் முன்கூட்டியே யோசிக்கவில்லை. நவம்பரில் வந்த அவருடைய முதல் ஆல்பம், பிரிட்டனில் அறிமுக ஆல்பங்களின் முதல் வார விற்பனையில் சாதனை படைத்தது. அதுவும் சைகோ வெளியீடுதான்.

உச்சமும் சரிவும்

2005 முதல் 2008 வரை நான்கு வருடம் பிரிட்டனின் கிறிஸ்துமஸ் முதலிடம் எக்ஸ் ஃபேக்டர் ஜெயித்தவருக்கே போனது. 2009இல் எஸ்ஸெக்ஸ் தம்பதி ஒன்று இதை நிறுத்த ஃபேஸ்புக்கில் ஒரு பிரசாரம் ஆரம்பித்தது. ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் 1992 பாட்டை எல்லாரும் டவுன்லோடு செய்யுங்கள் என்றார்கள். 5 லட்சத்துக்கு மேல் விற்று அது முதலிடம் பிடித்தது. எக்ஸ் ஃபேக்டரின் ஜோ மெக்கெல்டெரி சுமார் 4.5 லட்சத்தோடு பின்தங்கினார். கோவெல் அந்தத் தம்பதிக்கு வாழ்த்துச் சொன்னார். மக்கள் ஓட்டை வைத்துக் கட்டிய வியாபாரத்தை மக்கள் ஓட்டே சாய்த்தது.

அதற்கடுத்த வருடம்தான் எக்ஸ் ஃபேக்டரின் உச்சம். 2010 ஃபைனலை சராசரியாக 1.77 கோடிப் பேர் பார்த்தார்கள். தனித்தனியாகப் பாட வந்து தேறாமல் போன ஐந்து பையன்களை ஒரே குழுவாக்கிய சீசன் அது. ஒன் டைரக்‌ஷன் மூன்றாம் இடம்தான் வந்தது. 2012இல் அவர்களுடைய முதல் ஆல்பம் அமெரிக்கத் தரவரிசையில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. பிரிட்டிஷ் குழு எதுவும் முதல் ஆல்பத்தில் அதுவரை செய்யாத சாதனை.

ஐந்து பேரில் லியம் பெய்ன் 2008இலேயே 14 வயதில் ஆடிஷனுக்கு வந்தவர். ‘நடுவர் வீடு’ என்ற சுற்று வரை போனபோது, இரண்டு வருடம் கழித்து வா என்று கோவெல் அனுப்பிவிட்டார். சொன்னபடியே வந்தார்.

கோவெல் அமெரிக்கன் ஐடலை விட்டு வெளியேறி, 2011இல் அமெரிக்க எக்ஸ் ஃபேக்டரை ஆரம்பித்தார். பரிசு 50 லட்சம் டாலர். 2 கோடிப் பேருக்குக் குறைவாகப் பார்த்தால் ஏமாற்றம்தான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். முதல் எபிசோடுக்கு வந்தது சுமார் 1.25 கோடி. மூன்று சீசனோடு மூடினார்கள். பிரிட்டிஷ் நிகழ்ச்சியின் வழக்கமான சீசன் 2018இல் கடைசியாக வந்தது. வீட்டு அறையில் இருந்து பாடி அனுப்பினால் உலகம் கேட்கும் என்ற காலத்தில், மூன்று மாதம் எலிமினேஷனுக்குப் பயந்துகொண்டு நிற்க நல்ல பாடகர்களுக்குக் காரணம் குறைந்துபோனது.

தப்பித்தது ‘காட் டேலண்ட்’. அதற்கு ரெக்கார்டு விற்கத் தேவையில்லை. மேஜிக், நாய், நடனம், எதுவும் சரி. 2006இல் அமெரிக்காவில் ஆரம்பித்தபோது, கோவெல் ஐடலோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் நடுவராக வரவில்லை. 2016இல் அந்த நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். 2020இல் மும்பையின் வி அன்பீட்டபிள் குழு அதன் சாம்பியன்ஸ் பதிப்பில் ரஜினியின் ‘மரண மாஸ்’ பாட்டுக்கு ஆடி ஜெயித்ததை நம்மில் பலர் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்போம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களில் அவரும் உண்டு.

அதே வருடம் சைகோ பிரிக்கப்பட்டது. டிவி நிகழ்ச்சிகள் கோவெலுக்கு, பாட்டுகளும் கலைஞர்களும் சோனிக்கு. தபால் அறையில் ஆரம்பித்த ரெக்கார்டு வாழ்க்கை காகிதத்தில் அங்கே முடிந்தது. அடுத்த மாதம் மின்சார பைக்கிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனது. 2014இல் மகன் பிறந்ததும் இந்த விபத்தும் அவரை மாற்றியதாகச் சொல்வார்கள். 2021இல் புற்றுநோயோடு மேடை ஏறிய நைட்பேர்ட் என்ற பாடகிக்காக, போட்டியாளரை நேராக நேரடிச் சுற்றுக்கு அனுப்புகிற கோல்டன் பஸ்ஸரை அழுத்தியபோது அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் நம்புகிறேன். பழைய கோவெலின் சிரிப்பைவிட இந்தக் கோவெலின் மௌனம் எனக்கு உயர்வாகத் தெரிகிறது. பழையது மறைந்துவிட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன், அந்த கிளிப்புகள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

2024இல் புதிய பாய் பேண்ட் ஒன்றுக்காக கோவெல் மறுபடியும் ஆடிஷன் நடத்தினார். அந்த அக்டோபரில் லியம் பெய்ன் பியூனஸ் ஐரஸில் 31 வயதில் இறந்துபோனார். அந்த மரணத்துக்கு ஒரு நிகழ்ச்சியையோ ஒரு ஆளையோ காரணம் காட்டுவது அநியாயம். ஆனால் 16 வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு அப்போது மறுபடி எழுந்தது, எழத்தான் வேண்டும்.

பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2021 ஏப்ரலில் இதற்கு விதி கொண்டுவந்தது. நிகழ்ச்சியில் பங்கேற்பதால் பாதிக்கப்படக்கூடியவர்களின் நலனை சேனல் கவனித்தாக வேண்டும். இது டிவிக்கான விதி. ஃபைனலுக்குப் பிறகு வருகிற ரெக்கார்டு ஒப்பந்தத்தையும், டூர் அட்டவணையையும் இது தொடாது. 2010 எக்ஸ் ஃபேக்டரில் இரண்டாமிடம் வந்த ரெபெக்கா ஃபெர்குசன், இசைத்துறை இளம் கலைஞர்களை நடத்துகிற விதத்தை விசாரிக்க வேண்டும், அதைக் கண்காணிக்க சுயேச்சையான அமைப்பு வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டு வருகிறார். மேடையில் இருந்த ஒருவரே கேட்பதால் அந்தக் கோரிக்கைக்கு எடை அதிகம்.